சிங்கப்பூரில் சக்குரா: கண்ணாடிக் கூடத்துக்குள் செர்ரிப் பூ பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) உள்ள ஃபிளவர் டோம் என்ற கண்ணாடிக் கூடத்தில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் சக்குரா காட்சி வைக்கிறார்கள். சீட்டு வாங்கி உள்ளே போய், மரத்தடியில் நாலு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுபவர்கள் நிறையப் பேர். கொடுத்த பணத்துக்கு அது போதாது, அந்த மரங்களுக்கும் அது நியாயம் இல்லை. எந்த நாள் போவது, எந்த நேரம் போவது, உள்ளே எதை முதலில் பார்ப்பது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அதே சீட்டில் இரண்டு மடங்கு பார்க்கலாம்.

மரம் இங்கே எப்படிப் பூக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் நாள் குறிக்க முடியாது. அதனால் இதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

செர்ரி மரம் அடுத்த வசந்தத்துக்கான மொட்டை முந்தைய கோடையிலேயே கட்டிவிடும். இலையுதிர்காலத்தில் அந்த மொட்டு தூங்கப் போகும். அதை எழுப்புவது வெயில் அல்ல, குளிர். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரம் இருந்தால்தான் தூக்கம் கலையும். அதற்குப் பிறகு கிடைக்கும் கதகதப்பில் மொட்டு பருத்து விரியும். குளிர் போதாமல் வெப்பம் மட்டும் கிடைத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து, பூவுக்கு முன்பே இலை வந்துவிடும். சிங்கப்பூர் வீதியில் நட்ட செர்ரி மரம் பூக்காததற்குக் காரணம் இதுதான். இங்கே இரவில்கூட வெப்பம் 22, 23 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் போகும்.

ஆகவே கண்ணாடிக் கூடத்தில் நீங்கள் பார்க்கும் மரம், வேறிடத்தில் குளிரை அனுபவித்து முடித்துவிட்டு, மொட்டோடு வந்து நிற்கும் மரம். கூடத்துக்குள் வெப்பம் 23 முதல் 25 டிகிரி. நமக்கு அது குளிர்ச்சி, செர்ரிக்கோ கோடை மாதிரி. ஜப்பானில் ஒரு பழைய கணக்கு உண்டு: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போனால், கூட்டுத்தொகை 400 டிகிரியைத் தொடும்போது பூ விரியும். தோக்கியோவில் அந்த 400 சேர ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். 24 டிகிரியில் நின்றால் 17 நாளிலேயே சேர்ந்துவிடும். வெறும் தோராயக் கணக்குதான் என்றாலும், கூடத்துக்குள் எல்லாமே ஓட்டமாக நடக்கும் என்பது இதில் புரிந்துவிடும். பூப்பது மட்டுமல்ல, உதிர்வதும் அப்படித்தான். குளிர்ந்த ஊரில் பத்து நாள் நிற்கும் பூ இங்கே அதில் பாதி நாள் நின்றாலே பெரிது. காட்சி பல வாரம் நடக்கலாம், ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைப்பது சில நாட்கள்தான்.

எந்த நாள்

தொடக்க நாளில் போகாதீர்கள். கூட்டமும் அதிகம், பாதி மரம் மொட்டாகவும் இருக்கலாம். கடைசி நாள்களில் போனால் பச்சை இலையைத்தான் பார்ப்பீர்கள். தொடங்கி ஒரு வாரம் கழிந்த பிறகு வரும் வேலை நாள்களே எங்கள் தேர்வு. ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். விளம்பரப் படத்தை ஒதுக்கிவிட்டு, முந்தைய ஓரிரு நாளில் போய்வந்தவர்கள் சமூக ஊடகத்தில் போட்ட படங்களைத் தேதி பார்த்துத் தேடுங்கள். அந்தப் படத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

கிளை நுனியில் உருண்டை மொட்டுகளே அதிகம் தெரிந்தால் இன்னும் மூன்று நான்கு நாள் பொறுக்கலாம். பூக்களுக்கு நடுவே செம்பழுப்பு நிறத்தில் சின்ன இலைகள் தலைகாட்டினால் நாளையே கிளம்புங்கள். மூன்றாவது அடையாளம் பலருக்குத் தெரியாது: வெளிர்நிறப் பூக்களின் நடுப்பகுதி அழுத்தமாகச் சிவந்திருந்தால் அந்தப் பூவுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். மலர்ந்த புதிதில் நடுவில் மஞ்சளும் இளம்பச்சையும் தெரியும். உதிர்வதற்குச் சற்று முன் மகரந்த இழைகளின் அடிப்பகுதி சிவக்கத் தொடங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரமே முன்பைவிட இளஞ்சிவப்பாக மாறியது போலத் தெரியும், ஆளும் மயங்கிப் போவார். ஆனால் அது விடைபெறும் நிறம்.

மார்ச் நடுவில் சிங்கப்பூரில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த வாரத்தையும் எல்லா வாரயிறுதியையும் தவிர்க்க முடிந்தால் நல்லது. இன்னொன்று, கூடத்தை மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மூடுவார்கள். அந்தத் தேதி அதிகாரபூர்வ இணையத்தளத்தில் இருக்கும். பார்க்காமல் போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பும் பயணிகள் இன்றும் உண்டு.

எந்த நேரம்

ஃபிளவர் டோம் காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடும். கடைசி நுழைவு 8.30. சிறப்பு நாள்களில் மாறலாம் என்பதால் போகும் நாளுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நேரம் நல்லது. பூவை நின்று நிதானமாகப் பார்க்க ஆசைப்பட்டால், வேலை நாளில் சரியாக 9 மணிக்கு வாசலில் நில்லுங்கள். சுற்றுலாக் குழுக்கள் வந்து சேரும்வரை பாதை உங்களுடையது. வெளிச்சம் மாறுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் மாலை 5 மணிக்கு உள்ளே போங்கள். சிங்கப்பூரில் அந்த மாதங்களில் சூரியன் மறைவது ஏறக்குறைய 7.15க்கு. சாய்ந்த வெயில், அந்திக் கருக்கல், விளக்கொளி என்று மூன்று முகத்தையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். நண்பகல் 12 முதல் 3 வரை வேண்டாம். கூரைவழியே நேராக இறங்கும் ஒளியில் வெளிர்நிறப் பூ வெளுத்துப்போகும்.

மழை பெய்தால் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. மேகம் கண்ணாடிக்கு மேல் திரை கட்டியது மாதிரி ஆகி, வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். பூவின் மெல்லிய நிறம் அன்றுதான் உள்ளபடி தெரியும்.

சீட்டு வாங்கும்போது

சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குக் கூடுதலான இன்னொரு கட்டணம். வாசிகள் கட்டணத்தில் வாங்கினால் அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கும் சேர்த்து அதே கட்டணத்தில் வாங்கிவிட்டு வாசலில் திண்டாடுவது வழக்கமாக நடக்கிற ஒன்று. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, 3 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம்.

பக்கத்திலிருக்கும் இன்னொரு கண்ணாடிக் கூடமான கிளவுட் ஃபாரஸ்ட்டையும் சேர்த்து விற்கும் சீட்டு உண்டு. இரண்டையும் பார்ப்பதானால் ஃபிளவர் டோமை முதலில் முடியுங்கள். கிளவுட் ஃபாரஸ்ட்டின் 35 மீட்டர் செயற்கை மலையும் அருவியும் நாளைக்கும் இருக்கும், சக்குரா இருக்காது. மேலும் அங்கே மேலேறிச் சுற்றி இறங்கிக் களைத்த கால்களோடு இங்கே வந்தால் பூவைவிட நாற்காலியைத்தான் தேடுவீர்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். கழிப்பறை, சாப்பாடு இரண்டையும் முடித்துவிட்டே நுழையுங்கள்.

மூன்றாம் தரப்புத் தளங்களில் வாங்கினால் தேதி போட்ட சீட்டா, எந்தக் கூடத்துக்கானது என்பதை இரண்டு முறை படியுங்கள். ‘தோட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வெளித்தோட்டத்துக்குக் கட்டணமே கிடையாது.

போய்ச் சேருவது

நம்மவர்கள் பெரும்பாலும் தங்குவது லிட்டில் இந்தியாப் பக்கம். அங்கிருந்து இது மிகச் சுலபம்.

1. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் டௌன்டவுன் பாதையில், எக்ஸ்போ செல்லும் திசையில் ஏறுங்கள். ரோச்சோர், பூகிஸ், பிரொமனாட், அதற்கடுத்தது பேஃபிரண்ட். நாலாவது நிலையம், வண்டி மாற வேண்டாம்.
2. பேஃபிரண்டில் வெளிவாயில் ‘பி’. நிலத்தடி நடைபாதை உங்களைத் தோட்டத்தின் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து விடும்.
3. டிராகன்ஃபிளை பாலத்தைக் கடந்து, சூப்பர்ட்ரீ என்ற உயரமான செயற்கை மரங்களை அடையாளமாக வைத்து நடங்கள். அவற்றைத் தாண்டி நீர்முகப்புப் பக்கம் இரண்டு கண்ணாடிக் கூடங்கள் தெரியும். அகன்று தாழ்ந்திருப்பது ஃபிளவர் டோம், உயர்ந்து நிற்பது கிளவுட் ஃபாரஸ்ட்.

இதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள், குழந்தையோ முதியவரோ கூட இருந்தால் 25. நடக்க முடியாதவர்களுக்குக் கட்டணம் கொடுத்துப் போகும் சிற்றுந்துச் சேவை இருக்கிறது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் வருபவர்கள் கார்டன்ஸ் பை த பே நிலையத்திலேயே இறங்கலாம். ரயிலுக்குத் தனி அட்டை தேவையில்லை, தொடாமல் பணம் செலுத்தும் வங்கி அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும். வெளிநாட்டு அட்டைக்குச் சேவைக்கட்டணம் சேரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உடையும் பையும்

கூடம் குளிர்சாதன அறை மாதிரி நடுக்காது. சிக்கல் வேறு: 31 டிகிரி புழுக்கத்தில் நடந்து சட்டை நனைந்து உள்ளே போனால், அந்த ஈரம்தான் குளிரும். உள்ளே மாற்றிக்கொள்ள ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை, அம்மாமார்களுக்கு ஒரு சால்வை போதும். குளிர்நீர்க் குழாய்களைத் தரைக்குள் பதித்து, மனிதர் நிற்கும் உயரத்தை மட்டும் குளிர்விக்கும்படி கட்டிய கூடம் அது. வெப்பக் காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். அதனால் கால்பக்கம்தான் முதலில் சில்லென்று படும், மெல்லிய செருப்போடு இரண்டு மணி நேரம் நிற்கும் முதியவர்களுக்குக் காலுறை நல்லது.

படம் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ரோஜா நிறப் புடவையை வீட்டில் வைத்துவிடுங்கள். பூவோடு பூவாகக் கரைந்துபோவீர்கள். மயில்நீலம், இலைப்பச்சை, மாம்பழ மஞ்சள் மூன்றும் அழகாக எடுத்துக்காட்டும். 

பூந்தாது ஒவ்வாமை உள்ளவர்கள் செர்ரிக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். அதன் மகரந்தம் பூச்சிகளை நம்பியது, காற்றில் அதிகம் பறக்காது. ஜப்பானில் அந்தப் பருவத்தில் பலரும் தும்முவதற்கு முக்கியக் காரணம் சுகி என்ற ஊசியிலை மரம்.

உள்ளே பார்க்கும் வரிசை

நுழைந்ததும் நிற்பது மேல்மட்டம். பெரும்பாலோர் நேராகக் கீழே இறங்கி ஓடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். காட்சி வைக்கும் மலர்க்களம் நடுவில் பள்ளமாக இருக்கிறது, மேலிருந்து பார்த்தால் மரங்களின் தலைப்பகுதி முழுவதும் தெரியும். எந்த மூலையில் பூ நிறைந்திருக்கிறது, எது உதிர்கிறது, எங்கே ஆள் குறைவு என்று அங்கேயே நின்று பத்து நிமிடம் கணக்குப் போடுங்கள். ஜப்பானில் இதைச் செய்ய ஒரு குன்று ஏற வேண்டியிருக்கும்.

அதன்பின் இறங்கி, கூட்டம் போகும் திசைக்கு எதிராகச் சுற்றுங்கள். முதல் சுற்றில் படம் வேண்டாம். ஒவ்வொரு மரத்தின் பெயர்ப்பலகையையும் படியுங்கள். இரண்டாம் சுற்றில், பிடித்த இரண்டு மூன்று மரங்களோடு மட்டும் நில்லுங்கள்.

வகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தெரிந்து வைத்துக்கொள்ளச் சில பெயர்கள்: சோமேய் யோஷினோ, ஐந்தே இதழ், வெள்ளைக்கு ஒரு பொட்டு ரோஜாநிறம் சேர்த்தது போன்றது. ஜப்பானில் காணும் இந்த வகை மரங்கள் எல்லாம் ஒட்டுக் கட்டி வளர்த்தவை, ஒரே மரத்தின் பிரதிகள். ஓர் ஊரில் அத்தனையும் ஒரே நேரத்தில் பூப்பது அதனால்தான். கான்சான், இருபதுக்கும் மேற்பட்ட இதழ்கள் அடுக்கடுக்காக, அழுத்தமான ரோஜா. ஷிதாரே என்பவை கிளை தொங்கும் வகைகள், அடியில் போய் அண்ணாந்து பார்க்க வேண்டியவை. உக்கோன் என்று ஒரு பலகை கண்ணில் பட்டால் விடவே விடாதீர்கள். பச்சை கலந்த வெளிர்மஞ்சள் பூ. உக்கோன் என்றால் ஜப்பானிய மொழியில் மஞ்சள், நம் அடுப்பங்கரை மஞ்சளேதான்.

மல்லிகை மாதிரி மணக்கும் என்று எதிர்பார்த்து முகர்ந்து ஏமாறுவார்கள். பெரும்பாலான வகைகளுக்கு மணம் மிகமிக லேசு. ‘சக்குரா வாசனை’ என்று இனிப்புகளில் வருவது, உப்பிட்டுப் பதப்படுத்திய இலையிலிருந்து கிளம்பும் மணம்.

எது சக்குரா, எது இல்லை

காட்சிகளில் பீச், பிளம் மரங்களும் நிற்கலாம். சீனப் புத்தாண்டை ஒட்டி வைக்கும் காட்சியில் பீச்தான் அதிகம். மூன்றும் ஒரே குடும்பம், தூரத்தில் ஒரே மாதிரி. ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள்.

செர்ரியின் இதழ் நுனியில், யாரோ நகத்தால் கிள்ளியது மாதிரி ஒரு சின்ன வெட்டு இருக்கும். பிளம் இதழின் நுனி உருண்டை. பீச் இதழ் நுனி கூர்ந்து முடியும். அடுத்து காம்பு: செர்ரிப் பூக்கள் ஒரே இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பி, நீண்ட காம்பில் ஜிமிக்கி மாதிரி ஆடும். பிளமுக்கும் பீச்சுக்கும் காம்பு இருப்பதே தெரியாது, பூ கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுக்கிதழ் வகையில் இதழ் நுனி குழப்பும், அப்போது காம்பை நம்புங்கள். பூ முழுக்க உதிர்ந்துவிட்டாலும் அடிமரம் காட்டிக்கொடுக்கும். செர்ரிப் பட்டையில் குறுக்குவாட்டில் சின்னச் சின்னக் கோடுகள் ஓடும், திருநீறு பூசிய விரல்தடம் மாதிரி அல்ல, தச்சர் உளியால் வரிசையாகத் தட்டியது மாதிரி. பழம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இவை பூவுக்காக வளர்த்த வகைகள், நாம் தின்னும் செர்ரி வேறு மரம்.

கிளையை உலுக்கி இதழ் கொட்டுவதைப் படம் எடுக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. காம்படியில் செல்கள் தளர்ந்த பிறகு பூ தானாக விழும். அதற்கு முன் உலுக்கினால் இன்னும் மூன்று நாள் நின்றிருக்கும் பூக்களும் சேர்ந்து போகும். இந்தக் காட்சியில் இந்த மரம் மறுபடி பூக்காது, உங்களுக்குப் பின்னால் வருகிறவர் வெறும் கொம்பைத்தான் பார்ப்பார். பாத்தி விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதும் வேண்டாம். மரச்சீவலுக்கு அடியில் வேர் இருக்கிறது.

படம் எடுக்க

கைப்பேசியில் எடுத்த படத்தில் பூ சாம்பல் நிறமாக விழுவதுதான் எல்லோருடைய குறையும். பின்னால் பளிச்சென்ற கண்ணாடிக் கூரை இருப்பதால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. பூவைத் தொட்டுக் குவியம் வைத்து, வெளிச்சக் கோட்டை மேலே கொஞ்சம் இழுங்கள். தனிக் கேமராவில் ஒளியளவை 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள். கூரையின் இரும்பு வளைவுகள் தலைக்குள் குத்துவது போல வராமலிருக்க, இரண்டு மூன்று மீட்டர் பின்னே போய் 2 மடங்கு லென்ஸில் எடுங்கள், பின்னணியில் இன்னொரு மரம் வரும்படி நில்லுங்கள். பின்புலத்தை மங்கவைக்கும் போர்ட்ரெயிட் முறை மெல்லிய காம்புகளை வெட்டித் தின்றுவிடும், கொத்தை எடுக்கும்போது அதை நிறுத்திவிடுங்கள். இரவில் வண்ண விளக்கு பட்டு வெள்ளைப் பூ ஊதாவாகத் தெரிந்தால், வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பகலொளியில் பூட்டுங்கள்.

வெளியே வரும்போது

கேமராவுக்கு ஆபத்து உள்ளே போகும்போது இல்லை, வெளியே வரும்போதுதான். வெளியே 31 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரண்டு மணி நேரம் 23, 24 டிகிரியில் இருந்த உங்கள் லென்ஸ் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். கதவைத் தாண்டுமுன் கேமராவைப் பூட்டுப்பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். வெளியே 20 நிமிடம் கழித்துத் திறந்தால் ஈரம் பையின் மேல்தான் இருக்கும். துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும். கண்ணாடி அணிந்தவர்கள் படியிறங்கும் முன் ஒரு நிமிடம் நின்று தெளிந்ததும் இறங்குங்கள்.

மாலையில் போனவர்கள் விளக்கொளியையும் பார்த்துவிட்டு 8.15க்கு வெளியே வந்தால், சூப்பர்ட்ரீ தோப்பில் 8.45க்குத் தொடங்கும் ஒலி ஒளிக் காட்சிக்கு நிதானமாக நடந்து போய் இடம் பிடிக்கலாம். அது இலவசம். சீக்கிரம் வெளியே வந்துவிட்டால் 7.45க்கும் ஒன்று உண்டு.

தேதி தவறி சக்குராவே கிடைக்காமல் போனவர்கள் சாலையோரத்தைக் கவனியுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும், சில நாள் வறண்டு பின் மழை பெய்ததும், சிங்கப்பூர் வீதிகளில் ஒரு மரம் இலை தெரியாமல் ரோஜாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும். ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக ‘சிங்கப்பூர் சக்குரா’ என்பார்கள். செர்ரிக்கும் அதற்கும் உறவே இல்லை. பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஊதுகுழல் வடிவம் தெரியும். நம் ஊர்ச் சாலைகளில் வசந்த ராணி என்று நிற்பதும் அதே மரம்தான்.